பித்தப்பையும் சில துளைகளும்

ஒன்பதாம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்தும்போது பித்தப்பையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவோம். இவ்வாண்டு ஒரு மாணவி, "டீச்சர், எங்க அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. குண்டா இருக்கறவங்களுக்குத் துளை போட்டுச் செய்ய மாட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேங்கறாங்க" என்றாள். பாடம் இரண்டு பாடவேளைகளாக நீண்டது.

பக்கத்து வீட்டார் சொன்னது ஒரு காலத்தில் மருத்துவர்களின் கருத்தும்கூட. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். தொடக்க ஆண்டுகளில் அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு இம்முறையைப் பலர் தவிர்த்தனர். இன்று நிலை மாறிவிட்டது. தடித்த கொழுப்புப் படலத்தை நீளமாக வெட்டினால் சீழ் பிடிக்கவும், பின்னாளில் தழும்பு வழியே குடலிறக்கம் வரவும் வாய்ப்பு அதிகம். சிறு துளைகளில் அது குறைவு. ஆகவே பருமனானவர்களுக்கு இம்முறையால் நன்மை கூடுதல்.

"உள்ளே இடம் கிடைக்க வயிற்றை எந்த வாயுவால் உப்பவைப்பார்கள்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் ஆக்சிஜன் என்றனர். மின்சூட்டுக் கருவி பயன்படும் இடம் என்றதும் ஒரு மாணவன் தானே திருத்திக்கொண்டான். கார்பன் டை ஆக்சைடு எரிதலுக்குத் துணைபோகாது; இரத்தத்தில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறும். அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மி.மீ. பாதரசம். வளிமண்டல அழுத்தமான 760உடன் ஒப்பிடச் சொன்னால் இயற்பியல் பாடமும் சேர்ந்துவிடும்.

சிரமங்களையும் மறைக்கவில்லை. கொழுப்பேறிய கல்லீரல் பித்தப்பையை மறைக்கும். நீளமான கருவிகள் தேவைப்படலாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, மேசையை இடப்புறம் சாய்த்தால் குடல் கீழே சரிந்து வழிவிடும். வாயு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் மயக்க மருத்துவரின் கவனம் இங்கே இருமடங்கு வேண்டும். பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அது தோல்வி அல்ல, பாதுகாப்பு. யாருக்கு எந்த முறை என்பதை அறுவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டாரோ நானோ அல்ல. காய்ச்சல், கண் மஞ்சளாதல், விடாத வலி இருந்தால் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

"பையை எடுத்துட்டா பித்தநீர்?" என்ற கேள்வி வராமல் இராது. சுரப்பது கல்லீரல், பை சேமிப்பிடம் மட்டுமே. அகற்றிய பின் பித்தநீர் நேரே சிறுகுடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, நம் ஆசிரியர் அறைக்கும் பொருந்தும்: பட்டினி கிடந்து வேகமாக எடை குறைத்தாலும் பித்தக்கல் வரும். பை சுருங்காமல் பித்தநீர் தேங்க, அதில் கொலஸ்ட்ரால் மிகுந்து படிகமாகிறது.