சந்தேக நபரும் காவலரின் தோட்டாவும்

கேள்வி: தீவிரவாதி எனச் சந்தேகிக்கப்படும் ஒருவரைச் சுட்டுக்கொல்ல, மற்றக் குற்றவாளிகள் விஷயத்தில் இல்லாத கூடுதல் அதிகாரம் காவல்துறைக்கு உண்டா? வேளச்சேரியில் நடந்த என்கவுன்ட்டருக்கும் தீவிரவாதிகளைப் பிடிக்கும் நடவடிக்கைக்கும் சட்டம் ஒன்றுதானா?
– வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: கூடுதல் அதிகாரம் கிடையாது, சட்டம் ஒன்றேதான். ‘உபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், தீவிரவாதக் குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்ற அனுமதியுடன் 180 நாள்கள் வரை குற்றப்பத்திரிகை இன்றியே காவலில் வைக்க வழிசெய்கிறது, அவருக்குப் பிணை கிடைப்பதையும் மிகக் கடினமாக்குகிறது. ஆனால் அவரைச் சுடும் உரிமையைக் காவலருக்கு அது தரவில்லை. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையில் இருந்த மணிப்பூரைப் பற்றிய வழக்கில்கூட, அளவுக்கு மீறிய பலப்பிரயோகத்தை அனுமதிக்க முடியாது என்றே உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது.

காவலருக்கு இருப்பது, எந்தக் குடிமகனுக்கும் உள்ள தற்காப்பு உரிமைதான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவின்படி, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் அந்தக் கணத்தில் எழுந்திருந்தால், தாக்குபவரின் உயிரைப் போக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளும்; தேவைக்கு மேற்பட்ட தீங்கை அது ஒருபோதும் அனுமதிக்காது. கைது நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையைத் தான் தரவில்லை என்கிறது. அப்படியானால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரைச் சுடலாம் என்று இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு, ஏனெனில் எதிர்ப்பை அடக்கத் தேவையான பலம் மட்டுமே என்ற நிபந்தனை அவர் விஷயத்திலும் அப்படியே நிற்கிறது.

வேளச்சேரி நிகழ்வை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 2012 ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் பட்டப்பகலில் கொள்ளையடிக்கப்பட்டன. கேமராப் பதிவிலிருந்து எடுக்கப்பட்ட ஒருவரின் உருவத்தை அன்றைய சென்னை மாநகரக் காவல் ஆணையர் ஜே.கே. திரிபாதி ஊடகங்கள் வழியே வெளியிட்ட சில மணி நேரத்தில், பிப்ரவரி 23 அதிகாலை, வண்டிக்காரன் தெருப் பகுதியில் உள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியே முதலில் சுட்டதால் தற்காப்புக்காகத் திருப்பிச் சுட நேர்ந்தது என்பது காவல்துறையின் கூற்று. காவல் அதிகாரிகள் இருவர் காயமடைந்தனர். அந்த ஐவரில் எவர் மீதான குற்றச்சாட்டும் எந்த நீதிமன்றத்திலும் சோதிக்கப்படவில்லை. ஆனால் முதல் தோட்டா யாருடையது என்ற கேள்விக்கு முன்பாகவே எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சுற்றி வளைக்கப்பட்டுவிட்ட ஒரு சிறிய வீட்டில் இருந்தவர்களை விடியும்வரை வெளியே நின்று சரணடையச் சொல்ல இயலாமல் போனது ஏன்?

இயலும் என்பதற்குச் சான்று அடுத்த ஆண்டே கிடைத்தது. 2013 அக்டோபர் 5 அன்று, தமிழகத்தில் நடந்த கொலைகளிலும் குண்டு வைத்த வழக்கிலும் தேடப்பட்டு வந்த இருவரைப் பிடிக்க, ஆந்திராவின் புத்தூரில் ஒரு வீட்டைத் தமிழகக் காவல்துறையின் தனிப்படை முற்றுகையிட்டது. ஆய்வாளர் லட்சுமணன் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். வீட்டுக்குள் வெடிபொருள்கள் இருந்தன, ஒரு பெண்ணும் குழந்தைகளும்கூட இருந்தனர். தம் சகா இரத்தம் சிந்தியதைக் கண்ட பிறகும் பல மணி நேரம் பொறுத்திருந்து, அந்த இருவரையும் உயிருடன் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திய காவலர்களின் துணிவு, எந்த என்கவுன்ட்டரைவிடவும் பெரிய பாராட்டுக்குரியது. வங்கிக் கொள்ளையரைவிட ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்டவர்கள் விஷயத்தில் காட்ட முடிந்த பொறுமை அது.

சுடப்பட்ட கணத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதை 1995இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கூறியது. ஜிப்ரால்டரில் 1988இல் ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்த மூவரைப் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டுக்கொன்ற வழக்கு அது. வெடிகுண்டை இயக்கப்போகிறார்கள் என்று வீரர்கள் மெய்யாகவே நம்பியதை ஏற்ற நீதிமன்றம், அந்த நம்பிக்கைக்குக் காரணமான தவறான தகவல்களையும் திட்டமிடலையும் ஆராய்ந்து, உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்று 10க்கு 9 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. தற்கொலைக் குண்டுதாரி என்று கருதி, 2005 ஜூலை 22 அன்று லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில் தலையில் சுடப்பட்ட ஜான் சார்ல்ஸ் டி மெனேசஸ், தாக்குதல்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியன். அங்கும் பிழை, துப்பாக்கி எடுக்கப்படுவதற்கு முன்பே, அவரை அடையாளம் காண்பதில் தொடங்கிவிட்டது.

கேள்வி: என்கவுன்ட்டர் நடந்த பிறகு காவல்துறை என்ன செய்ய வேண்டும்? குடும்பத்தார் எங்கே முறையிடலாம்?
– வாசகர், ஊரப்பாக்கம்

பதில்: மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. அவை, 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில் கூடுவாஞ்சேரி அருகே வாகனச் சோதனையின்போது, உதவி ஆய்வாளர் வெட்டப்பட்டதாகக் கூறி இருவர் சுட்டுக்கொல்லப்பட்டது போன்ற நிகழ்வுகளுக்கும் முழுமையாகப் பொருந்தும். முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். சுட்டவர்களின் காவல் நிலையம் விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு நிலையத்தின் குழுவோ மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும்; மாவட்ட மருத்துவமனையில் இரு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாக வேண்டும்; சுட்ட துப்பாக்கி தடய அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைக்கப்பட வேண்டும்; நடுவர் விசாரணை கட்டாயம். நடவடிக்கைக்கு முன் கிடைத்த துப்பையும் எழுத்தில் பதிய வேண்டும் என்பதே இவற்றுள் மிக முக்கியமானது, ஏனெனில் அந்தப் பதிவு இல்லாவிட்டால் திட்டமிடலைப் பின்னர் எவராலும் சோதிக்க இயலாது. வீரம் ஐயமின்றி நிறுவப்படும்வரை, சம்பந்தப்பட்ட காவலருக்கு உடனடிப் பதவி உயர்வோ வீரப் பரிசோ தரக் கூடாது என்பதும் நெறிமுறையே.

இவை பின்பற்றப்படவில்லை என்று கருதும் குடும்பத்தார், சம்பவம் நடந்த எல்லைக்குரிய அமர்வு நீதிபதியிடம் நேரடியாகப் புகார் அளிக்கலாம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பகுதிகளுக்கு அந்த நீதிமன்றம் செங்கல்பட்டில் உள்ளது. வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம்.