ஒற்றைப் பொருளும் மரபுரிமமும்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியலில் இனக்குழுக்களும் பொருள்களும் என்னும் பாடத்தை முடித்த மறுநாள், பாடநூலைத் தாண்டிச் ‘சிங்கிள்டன்’ பற்றிச் சொன்னேன். எத்தனை முறை கேட்டாலும் இனக்குழு ஒரே பொருளைத்தான் தர வேண்டும் என்பதே அது. 1994இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் விளக்கும் 23 வடிவமைப்புகளுள் ஒன்று.

பள்ளிப் பதிவேட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டேன். ‘பதிவேடு’ இனக்குழுவில் ‘ஒன்று’ என்னும் இனக்குழு மாறி இருக்கும். அது வெறுமையாக இருந்தால், பைத்தானின் ‘நியூ’ செயற்கூறு புதிய பொருளை உருவாக்கி அதில் வைக்கும். இல்லையேல் இருப்பதையே தரும். அதிலிருந்து ‘வருகைப்பதிவேடு’ இனக்குழுவைத் தருவித்து, ‘வராதோர்’ என்னும் செயற்கூற்றைச் சேர்த்தேன். நிரல் சரியாக இயங்கியது.

ஆய்வகத்தில் ஒரு மாணவிக்கு மட்டும், ‘வராதோர்’ என்ற செயற்கூறே இல்லை எனப் பிழைச்செய்தி வந்தது. “தட்டச்சுப் பிழையா இருக்கும், பாரும்மா” என்று நகர்ந்துவிட்டேன். சிறிது நேரத்தில், “சரிபார்த்துட்டேன் சார். நீங்க வருகைப்பதிவேட்டை முதல்ல உருவாக்குனீங்க, நான் பதிவேட்டை முதல்ல உருவாக்கினேன். அது மட்டும்தான் வித்தியாசம்” என்றாள்.

பிழை என்னுடையது. தருவிக்கப்பட்ட இனக்குழுவில் ஒரு மாறி இல்லையென்றால் பைத்தான் அதை அடிப்படை இனக்குழுவில் தேடும். அவள் முதலில் உருவாக்கிய பதிவேடு அங்கே இருந்தது. வருகைப்பதிவேட்டைக் கேட்டபோதும் அந்தப் பழைய பொருளே கிடைத்தது. நான் வருகைப்பதிவேட்டை முதலில் உருவாக்கியதால், பொருள் அந்த இனக்குழுவிலேயே பதிவாகி, பிழை வெளியே தெரியவில்லை.

அடிப்படை இனக்குழுவில் ஒற்றை மாறிக்குப் பதிலாக ஒரு டிக்ஷனரியை வைத்து, இனக்குழுவையே அதன் திறவுகோலாக்கினோம். இப்போது ஒவ்வோர் இனக்குழுவுக்கும் தனித்தனியே ஒரு பொருள். வரிசையை எப்படி மாற்றினாலும் நிரல் இயங்கியது.

ஆனாலும் ஒரு கேள்வி மீதமிருந்தது. மரபுரிமத்தின்படி வருகைப்பதிவேடும் ஒரு பதிவேடுதான். அப்படியானால் இப்போது இரண்டு பதிவேடுகள் இருக்கின்றனவே! ‘ஒன்றே ஒன்று’ என்பது ஓர் இனக்குழுவுக்கா, அதன் வழிவந்த எல்லாவற்றுக்கும் சேர்த்தா? நிரல் எழுதுமுன் மாணவர்கள் இதை முடிவு செய்ய வேண்டும். அடிப்படை இனக்குழுவிலிருந்து நேரடியாகப் பொருள் உருவாக்காமல், தருவிக்கப்பட்டவற்றிலிருந்து மட்டும் உருவாக்குவது எளிய வழி.

இதை நடத்தும் ஆசிரியர்கள், பொருள் உருவாக்கும் வரிசையை மாற்றியும் ஒருமுறை இயக்கிக் காட்டுங்கள். மறுநாள் என் வகுப்பில் இதை விளக்கியது அந்த மாணவிதான். நான் கடைசி பெஞ்சில் அமர்ந்து கேட்டேன்.