வால்வு ஏன் சிவந்தது?

காய்ச்சல் வந்தவனுக்கு நெற்றி சுடுகிறது. அதனால் நோய் நெற்றியில்தான் இருக்கிறது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். சூடு ஓர் அறிகுறி. நோயின் இருப்பிடம் வேறாக இருக்கலாம். மின்கருவிகளைப் பழுது பார்ப்பதிலும் இதே விதிதான். ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதைக் காண்போம்.

கிட்டார் வாசிக்கும் ஓர் இளைஞர், தம் வாத்தியத்திற்காக ஒரு வால்வு பெருக்கியைத் தாமே கட்டி முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரை இணைத்தார், ஒலி வந்தது. மகிழ்ச்சி! ஆனால் பத்து நிமிடங்களில் ஒலி கரகரத்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பெரிய வால்வின் உள்ளே இருந்த சாம்பல் நிறத் தகடு மங்கலான செந்நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. உடனே மின்சாரத்தை நிறுத்தினார். 'வால்வு கெட்டுவிட்டது' என்று முடிவு செய்து, புதிய வால்வு ஒன்றை வாங்கி மாட்டினார். அதுவும் பத்து நிமிடங்களில் சிவந்தது!

இரண்டு வால்வுகளுமே கெட்டவையா? அல்லது குற்றவாளி வேறு எங்கேனும் ஒளிந்திருக்கிறானா?

கருவியின் அமைப்பு

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்த ஃபெண்டர் நிறுவனம் 'சாம்ப்' என்ற சிறிய கிட்டார் பெருக்கியை விற்றது. அதில் இருந்தவை மூன்றே வால்வுகள். சுற்று எளியது என்பதால், தாமே பெருக்கி கட்ட விரும்புவோர் பலர் இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள். நம் இளைஞர் கட்டியதும் அத்தகையதே.

முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு பெருக்கும் அமைப்புகள் இதில் உள்ளன. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்குறியை இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்குகின்றன. இரண்டாவது, 6வி6 என்ற திறன் வால்வு. ஒலிபெருக்கியை அதிரச் செய்யும் வலிமையைத் தருவது இதுவே. மூன்றாவது, 5ஒய்3 என்ற அலைதிருத்தி. இது மாறுமின்னோட்டத்தை ஒருதிசை மின்னோட்டமாக மாற்றுகிறது.

திறன் வால்வுக்குள் என்ன நடக்கிறது? சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. 340 வோல்ட் அளவுள்ள நேர்மின்வாய்த் தகடு அவற்றைக் கவர்ந்து இழுக்கிறது. இடையில் மெல்லிய கம்பியாலான வலை ஒன்று உண்டு. எதிர்மின்வாயைவிட வலையின் மின்னழுத்தம் குறைவாக இருந்தால், அது எலெக்ட்ரான்களை விலக்கி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். அணைக்கட்டின் மதகு போன்றது இந்த வலை. மதகை மிகுதியாகத் திறந்துவிட்டால் தண்ணீர் பெருக்கெடுப்பது போல, வலையின் கட்டுப்பாடு தளர்ந்தால் எலெக்ட்ரான்கள் வெள்ளமாகத் தகட்டைத் தாக்கும். தகடு சிவக்கும்.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'வால்வு கெட்டதா?' என்பதன்று, 'மதகைத் திறந்துவிட்டது யார்?' என்பதே.

முதலில் உயிர்

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. இந்தக் கருவியினுள் இருக்கும் மின்னழுத்தம் உயிரைப் பறிக்க வல்லது. இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் தனியாக எந்தப் பெருக்கியையும் திறக்கக் கூடாது. இத்தொழிலில் பழகிய பெரியவர் ஒருவர் உடனிருந்து செய்யும் வேலை இது.

'சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். இனி என்ன ஆபத்து?' என்று நினைக்கலாம். ஆபத்து உண்டு. மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். இந்தச் சுற்றில் அவற்றின் மொத்த மின்தேக்குதிறன் 32 மைக்ரோபாரடு. 340 வோல்ட்டில் அவை சேமிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2 ஜூல் வருகிறது. ஒரு கிலோகிராம் கல்லை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வெளிப்படும் ஆற்றல் இது. சிறிய அளவுதானே என்று எண்ண வேண்டாம். ஒரு கையில் ஏறி மறு கை வழியே வெளியேறும் மின்னோட்டத்தின் பாதையில் நம் இதயம் இருக்கிறது.

ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் மின்தேக்கிகளை வடிய விடுவார். காப்பிட்ட கவ்விகள் உள்ள 1 லட்சம் ஓம் மின்தடை ஒன்றை, மின்தேக்கியின் நேர்முனைக்கும் சேசிஸ் எனப்படும் உலோகச் சட்டத்திற்கும் இடையே இணைப்பார். மின்தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கினால் 3.2 நொடி வருகிறது. இதுபோல் ஐந்து மடங்கு காலம், அதாவது 16 நொடி கழிந்தால், மின்னழுத்தம் தொடக்க அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆயினும் அவர் கணக்கை மட்டும் நம்புவதில்லை. மல்டிமீட்டரை வைத்து, மின்னழுத்தம் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே கை வைப்பார். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், மீட்டரின் கறுப்புக் கம்பியை முன்னதாகவே சேசிஸில் கவ்வியால் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளப்பார். ஒலிபெருக்கியை இணைக்காமல் பெருக்கியை இயக்கவும் மாட்டார். இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகக் கூடும்.

மூன்று அளவுகள்

நம் இளைஞரும் அனுபவமுள்ள ஒரு வானொலி மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் எந்த உறுப்பையும் மாற்றவில்லை. முதலில் அளந்தார். சேசிஸிலிருந்து அளந்தபோது கிடைத்தவை இவை:

நேர்மின்வாய்: இருக்க வேண்டியது சுமார் 340 வோல்ட், இருந்தது 310 வோல்ட்.
எதிர்மின்வாய்: இருக்க வேண்டியது சுமார் 19 வோல்ட், இருந்தது 29 வோல்ட்.
வலை: இருக்க வேண்டியது 0 வோல்ட், இருந்தது 16 வோல்ட்!

எதிர்மின்வாய்க்கும் சேசிஸுக்கும் இடையே 470 ஓம் மின்தடை ஒன்று உள்ளது. ஓம் விதிப்படி, 19 வோல்ட்டை 470ஆல் வகுத்தால் சுமார் 40 மில்லிஆம்பியர். இதுவே வால்வின் இயல்பான மின்னோட்டம். 29 வோல்ட்டை வகுத்தாலோ சுமார் 62 மில்லிஆம்பியர்! வால்வுக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தம் 310லிருந்து 29 போக 281 வோல்ட். இதை மின்னோட்டத்தால் பெருக்கினால் 17 வாட்டுக்கு மேல் வருகிறது. 6வி6 வால்வின் தகடு தாங்குவதற்கென முதலில் குறிக்கப்பட்ட அளவு 12 வாட். தகடு சிவந்ததில் வியப்பில்லை.

சரி, மதகைத் திறந்தது யார்? இயல்பான நிலையில் வலை 0 வோல்ட், எதிர்மின்வாய் 19 வோல்ட். அதாவது வலை எதிர்மின்வாயைவிட 19 வோல்ட் கீழே இருக்கிறது. இப்போதோ 29லிருந்து 16 போக, 13 வோல்ட்தான் கீழே இருக்கிறது. கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. வலையில் இருக்கக் கூடாத 16 வோல்ட் எப்படி வந்தது?

இருவரில் யார்?

இங்கே சந்தேகத்திற்கு உரியவர்கள் இருவர்.

ஒன்று, இணைப்பு மின்தேக்கி. முந்தைய வால்வின் நேர்மின்வாயில் சுமார் 150 வோல்ட் ஒருதிசை மின்னழுத்தம் உண்டு. அதன் மேல் ஏறி வரும் இசைக்குறியை மட்டும் அடுத்த வலைக்கு அனுப்பி, 150 வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவதே இந்த மின்தேக்கியின் வேலை. இது கசிந்தால் வலைக்கு மின்னழுத்தம் வந்துவிடும்.

மற்றொன்று, வால்வு தானே. வால்வினுள் வெற்றிடம் சரியில்லாமல் சிறிது வாயு தங்கியிருந்தாலும் வலையில் நேர் மின்னழுத்தம் தோன்றலாம்.

இருவரையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளை வடிய விட்டு, 6வி6 வால்வைக் கழற்றி எடுத்தார். பிறகு மின்சாரத்தைச் சிறிது நேரம் செலுத்தி, வால்வு இல்லாத சாக்கெட்டில் வலைக்குரிய ஐந்தாம் முனையை அளந்தார். குற்றவாளி வால்வாக இருந்தால் மின்னழுத்தம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை! 16 வோல்ட்டுக்குச் சற்று மேலாகவே காட்டியது.

குற்றவாளி அகப்பட்டான். வால்வு நிரபராதி, கசிந்தது மின்தேக்கி.

எவ்வளவு கசிவு? வலைக்கும் சேசிஸுக்கும் இடையே 2,20,000 ஓம் மின்தடை உள்ளது. அதில் 16 வோல்ட் தோன்ற 73 மைக்ரோஆம்பியர் ஓடினால் போதும். ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் 73 பங்கு! இந்த நுண்ணிய கசிவுதான் ஒரு வால்வைத் தணல்போல் கனலச் செய்தது. புதிய மின்தேக்கி ஒன்றை வைத்ததும் வலை 0 வோல்ட்டுக்குத் திரும்பியது. 'கெட்டுவிட்டது' என்று ஒதுக்கிய பழைய வால்வையே மாட்டினார்கள். எதிர்மின்வாயில் 19 வோல்ட். தகடு சிவக்கவே இல்லை.

காதாலும் கண்டறியலாம்

எல்லாப் பழுதுகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில காதுக்குத் தெரியும். பெருக்கியில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால், அதன் சுருதியைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் நொடிக்கு 50. அலைதிருத்தி அந்த அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால், அதன் பின் எஞ்சும் சிற்றலையின் அதிர்வெண் 100. கிட்டாரின் ஆறாம் தந்தியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலியின் அதிர்வெண் 98. ரீங்காரம் ஏறக்குறைய அதே சுருதியில் ஒலித்தால், மின்வழங்கியின் மின்தேக்கிகளைச் சந்தேகிக்கலாம். அதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால், வால்வின் சூடேற்றும் இழைக் கம்பிகளிலிருந்தோ உறையிடாத கம்பியிலிருந்தோ 50 அதிர்வெண் நுழைகிறது எனலாம்.

இடத்தை மேலும் குறுக்க ஒரு வழி: முதல் வால்வைக் கழற்றிவிட்டுக் கேட்பது. ரீங்காரம் நின்றால் குறை முன்பகுதியில், தொடர்ந்தால் பின்பகுதியில். ஒரே கேள்வியில் பாதிக் கருவி சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது அல்லவா?

நண்பர்களே, இளைஞர் செய்த தவறு என்ன? அறிகுறி தெரிந்த இடத்தையே நோயின் இடமாகக் கொண்டார், அளக்காமல் மாற்றினார். மெக்கானிக் முதலில் அளந்தார். இருக்க வேண்டியதையும் இருப்பதையும் ஒப்பிட்டார். சந்தேகத்திற்கு உரியவர்களைப் பிரித்தறியும் ஒரு சோதனையைத் தேர்ந்தெடுத்தார். எரியாத டார்ச் விளக்கு முதல் ஓடாத மின்விசிறி வரை எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. வேறொரு பெருக்கியில் 6வி6 வால்வின் எதிர்மின்வாயில் 0 வோல்ட். நேர்மின்வாயில் இயல்பைவிட அதிக மின்னழுத்தம். ஒலி இல்லை, தகடும் சிவக்கவில்லை. என்ன நடந்திருக்கலாம்?

2. இன்னொன்றிலும் எதிர்மின்வாயில் 0 வோல்ட்தான். ஆனால் தகடு நன்கு சிவக்கிறது. 470 ஓம் மின்தடைக்கு இணையாக 25 மைக்ரோபாரடு மின்தேக்கி ஒன்றும் உண்டு என்பது குறிப்பு.

விடைகள்: 1. வால்வில் மின்னோட்டமே இல்லை. அதன் சூடேற்றும் இழை எரியவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். 2. இணையாக உள்ள மின்தேக்கி உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஆகிவிட்டது. எதிர்மின்வாய் நேரே சேசிஸுடன் இணைந்ததால் வலையின் கட்டுப்பாடு போய்விட்டது.