நேற்றைய பகை ஊரில் இன்றைய வியாபாரம்

புதிய சந்தை பிடிப்பது எந்த வியாபாரிக்கும் கஷ்டம். ஒரு காலத்தில் போகவே பயந்த ஊரில் சந்தை பிடிப்பது அதைவிடக் கஷ்டம். கிழக்கில் எமது வியாபாரிகள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. முதல் இருக்கிறது, சரக்கு இருக்கிறது, வாகனம் இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். ஏன்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம், அதில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக் ஒன்லைன்' என்ற விளையாட்டு 2010இல் வெளிவந்தது. பல நாட்டவரும் இணையத்தின் வழியாக ஒன்றாக விளையாடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு விண்கப்பலின் கப்டன். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான் இதற்கு மூலம். அந்தக் கதையில் ரோமுலர்கள் என்போர் நெடுங்காலப் பகைவர்கள். ஒரு நட்சத்திரம் வெடித்து அவர்களுடைய கிரகம் அழிந்துவிடுகிறது. தப்பியவர்கள் வேறொரு கிரகத்தில் 'நியூ ரோமுலஸ்' என்ற புதிய தாயகத்தைக் கட்டுகிறார்கள். 2012 நவம்பரில் அந்தக் கிரகம் விளையாட்டில் சேர்க்கப்பட்டது. நேற்றுவரை பகைவராகப் பார்த்தவர்களின் ஊரில் இன்று கப்டன் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம்.

என் மகன் விளையாடும்போது நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அங்கே நல்ல உபகரணங்கள் கிடைக்கும். ஆனால் இறங்கிய உடனே வாங்க முடியாது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் போதாது. முதலில் அந்த ஊருக்கு வேலை செய்ய வேண்டும். செடிகொடிகளை ஆராய வேண்டும், குடியேறியவர்களின் சிக்கல்களுக்கு உதவ வேண்டும். அதற்குப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைத் திட்டங்களில் போட்டால் நன்மதிப்பு படிப்படியாக ஏறும். ஒரே நாளில் எல்லாப் படியும் ஏற முடியாது, ஒவ்வொரு திட்டத்துக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படி ஏற ஏறத்தான் அடுத்த தரச் சாமான் கிடைக்கும்.

எமது மொழியில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். பழைய பகை உள்ள ஊரில் முதல் நாணயம் செல்லாது, இரண்டாவதுதான் செல்லும்.

எமது வீதியின் கதை

இப்போது எமது இடத்துக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிப் போகும் வீதியில், குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் இருக்கிறது தேற்றாத்தீவு. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. புடைவை மூட்டையுடன் இரண்டு கரையிலும் நான் வியாபாரம் செய்து வருகிறேன்.

1990 ஜூலையில், இந்த வீதியால் வந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் குருக்கள்மடத்தில் கடத்திக் கொன்றார்கள். அவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். படுவான்கரை 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது.

அக்கரை மக்களின் கணக்கையும் படிக்க வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987இலும் 1991இலும் படையினரால் கொல்லப்பட்டவர்கள் அவர்களின் உறவினர். 1990 ஓகஸ்டில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டதையும், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது உள்ள குற்றச்சாட்டையும் அவர்கள் மறக்கவில்லை. விளையாட்டில் கப்டன் மட்டுமே பகை ஊருக்குப் போகிறான். வாழ்க்கையில் அப்படியல்ல. எமது கடைக்கு வரும் அக்கரை வாடிக்கையாளருக்கும் எமது ஊர் ஒரு காலத்தில் பகை ஊர். அவரும் பயத்தைத் தாண்டித்தான் வருகிறார். இது விளங்காதவர் அங்கே வியாபாரம் செய்யப் போகக் கூடாது.

பாடம் 1: விற்குமுன் வாங்குங்கள்

யுத்தம் முடிந்த கையோடு லொறியில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள் பலர். புதிதாக வருபவர் எதை விற்கிறார் என்பதை ஊர் முதலில் பார்ப்பதில்லை. எங்களிடம் எதை வாங்குகிறார், எப்படி நிறுக்கிறார் என்றுதான் பார்க்கும். வீட்டுக்கும் கடைப் பொடியன்மாருக்கும் வேண்டிய அரிசியையும் தயிரையும் அக்கரையில் வாங்கினேன். வெற்றிலையைக் களுதாவளையில் வாங்கினேன். பெரிய தொகை அல்ல. ஆனால் உடன் காசு, சரியான நிறுவை. புடைவை விரிக்கப் போனபோது என்னை விசாரிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

பாடம் 2: பாலம் வந்தால் விலை தெரிந்துவிடும்

மண்முனையில் முன்பு பாதையில்தான் கடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளும் மூட்டையும் ஆட்களும் அதில்தான். ஏற்றி இறக்கும் செலவைச் சொல்லிச் சிலர் அக்கரையில் இஷ்டத்துக்கு விலை வைத்தார்கள். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் அக்கரைப் பெண்கள் பஸ் ஏறி வந்து அதே சேலையை இக்கரைக் கடைகளில் விலை கேட்டார்கள். பழைய விலையில் விற்றவரின் பெயர் அன்றே போய்விட்டது. அழிந்த ஊர் மீண்டும் கட்டப்படும்போது வீதியும் பாலமும் மின்சாரமும் மட்டும் வருவதில்லை, வாடிக்கையாளரின் அறிவும் கூடவே வருகிறது. இன்று அவர்களுக்கு வேறு வழியில்லை என்று விலை வைக்காதீர்கள். நாளை வழி வரும்.

பாடம் 3: அறுவடையைப் பார்த்துக் கடன் கொடுங்கள்

யுத்தத்துக்குப் பின் நுண்கடன் கம்பனிகள் கிராமம் கிராமமாக வந்தன. வாரத் தவணை, பெரிய வட்டி. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்துப் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசாங்கமே முடிவெடுக்கும் அளவுக்கு நிலைமை போனது.

ஓர் உதாரணம் பாருங்கள். கிராமக் கடைக்காரர் ஒருவர் நவம்பரில் 30,000 ரூபாவுக்குச் சரக்கு எடுக்கிறார். வாரம் 2,500 வீதம் 12 வாரம் என்று கேட்டால், அவருடைய வாடிக்கையாளரான விவசாயியின் கையில் அந்தக் காலத்தில் காசு இருக்காது. வயலில் பயிர்தான் இருக்கும். அவர் உங்களுக்குக் கட்டும் தவணை, வேறு யாரிடமோ வட்டிக்கு எடுத்ததாக இருக்கலாம். அதைவிட 10,000 கைக்காசு, மிச்சம் 20,000 மார்ச் மாத அறுவடைக்குப் பிறகு என்று பேசுங்கள். விலையைக் கூட்டாதீர்கள். உங்கள் முதல் நான்கு மாதம் முடங்கும், உண்மைதான். அதற்குத் தாங்கக்கூடிய அளவு சரக்கை மட்டும் கொடுங்கள்.

பாடம் 4: ஏறிய படி இறங்கவும் கூடும்

2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் இறந்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும்படி பேச்சு எழுந்தது. அந்த மே மாதம் என் விற்பனை பாதிக்கும் கீழே போனது. பத்து வருட நன்மதிப்பு, நாம் செய்யாத குற்றத்தால் ஆட்டம் கண்டது.

ஆனாலும் முழுவதும் விழவில்லை. தேற்றாத்தீவில் என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர் வழமைபோலக் கோல் எடுத்தார். "முதலாளி, சரக்கை அனுப்புங்க. உங்களை எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வசனத்துக்கு நான் விளம்பரச் செலவு எதுவும் செய்திருக்கவில்லை. சரியாக அளந்த துணியும் திருப்பி எடுத்த பழுதுச் சாமானும்தான் அதற்கு விலை. கடையில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு வேலை கொடுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். கெட்ட காலத்தில் உங்களுக்காகப் பேச உங்கள் ஆள் போதாது, அவர்களில் ஒருவர் வேண்டும்.

இனி ஒரு வேலை தருகிறேன். புதிய ஊருக்கு வியாபாரம் கொண்டு போகிறவர்கள் கணக்குக் கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். ஒன்றில் அந்த ஊரில் விற்ற தொகை, மற்றதில் அந்த ஊரில் வாங்கிய தொகையும் கொடுத்த சம்பளமும். ஆறு மாதம் கழித்தும் இரண்டாவது நிரல் வெறுமையாக இருந்தால், எவ்வளவு விற்றிருந்தாலும் நீங்கள் இன்னும் முதற்படியில்தான் நிற்கிறீர்கள்.