வேடமும் ஆள்மாறாட்டமும்

தேர்வு விதிகளில் விலக்கப்பட்டவற்றுள் 'இம்பர்சனேஷன்' என்பதும் ஒன்று. நம் சங்க ஆண்டு விழாவில், புகழ்பெற்ற தலைவர் ஒருவரைப் போல உடுத்தும் பேசியும் கைதட்டல் பெறும் நண்பரின் கலைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தமிழோ இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. மேடையில் இருப்பது வேடம். தேர்வுக் கூடத்தில் நடப்பது ஆள்மாறாட்டம். இச்சொற்களின் பிறப்பைச் சிறிது காண்போம்.

'வேடம்' வேஷம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். விஷம் விடமாகவும் பாஷை பாடையாகவும் ஆனது போலவே இதுவும் ஆயிற்று. உடை, கோலம் என்பதே இதன் பொருள். பொய் என்பது அதனுள் இல்லை. சைவர்கள் திருநீற்றையும் சடைமுடியையும் திருவேடம் என்றே போற்றினர். பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரை நினைத்துப் பாருங்கள். அவரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், நீறு பூசிச் சடை முடித்து, புத்தகக் கட்டினுள் கத்தியை மறைத்து வந்து குத்தினான். அந்நிலையிலும் நாயனார் காவலன் தத்தனைத் தடுத்து, அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடச் செய்தார். வந்தவன் பொய்யன், வேடம் அவருக்கு மெய்.

'ஆள்மாறாட்டம்' அத்தகையது அன்று. போராடு என்பதிலிருந்து போராட்டம் பிறந்தது போல, மாறாடு என்பதிலிருந்து மாறாட்டம் பிறந்தது. ஆட்டம் என்றதும் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. ஒருவர் இடத்தில் மற்றொருவர் வந்து நிற்பதே இங்குப் பொருள். ஆகவே இச்சொல்லுக்கு இருவர் வேண்டும்: வந்தவன் ஒருவன், வராதவன் ஒருவன். (நாள்மீன் 'நாண்மீன்' ஆவது போல நன்னூல் விதிப்படி புணர்த்தால் இது 'ஆண்மாறாட்டம்' ஆகும். ஆள் என்ற சொல்லே ஆண் வேடம் பூண்டுவிடும்! நல்ல வேளையாக இன்றைய வழக்கு அதைப் புணர்க்காமல் விட்டது.)

சட்டத்தின் வலை இன்னும் அகன்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 416ஆம் பிரிவில், நடிக்கப்பட்டவர் உண்மையில் வாழ்பவராயினும் வெறுங்கற்பனையாயினும் ஆள்மாறாட்ட ஏமாற்று குற்றமே என்றது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவு அதனை ஐந்தாண்டு வரை ஆக்கியுள்ளது.

நண்பனுக்காகத் தேர்வெழுதுவதை 'உதவி' என்று சொல்வோர் விடுதிகளில் உண்டு. மேடையில் நிற்பவர் இன்னார் என்பது காண்போர்க்குத் தெரியும், தெரிவதனால்தான் சுவைக்கிறார்கள். தேர்வுக் கூடத்திலோ கண்காணிப்பவர் அறியாதிருந்தால்தான் அந்த 'உதவி' நடைபெறும். அறைக்குள் வராமல் வெளியே காத்திருப்பவனையும் ஆள்மாறாட்டம் என்ற சொல் தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

நம் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா அறிவிப்பை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது அகராதியை நம்பி 'ஆள்மாறாட்டப் போட்டி' என்று எழுதிவிட வேண்டா. 'மாறுவேடப் போட்டி' என்பதே போதும்.