சிக்னல் இருக்கு, ஆனா நெட்வொர்க் இல்லை!



ஆன்டெனா, டிரான்ஸ்மிஷன் லைன், மாடுலேஷன் எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். பயிற்சிக்காகப் போன ஒரு நீரேற்று நிலையத்தில் அந்த நினைப்பு போனது. கூடவே ஒரு மனிதருடைய ஒன்பது நாள் சம்பளமும் போகப் பார்த்தது. நாளைக்கு நீங்களும் இதே மாதிரி ஒரு பேனல் முன்னால் தனியாக நிற்கப் போகிறவர்கள்தான். அதனால் நடந்ததையும் அதில் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

நான் பயிற்சி பெற்றது ஒரு சிறிய சர்வீஸ் நிறுவனத்தில். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பம்ப் ஹவுஸ்களில் இருக்கும் இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது அவர்கள் வேலை. இது நம் லேபில் இருப்பது போன்ற கம்ப்யூட்டர் அல்ல. ஃபேன் கிடையாது. 24 வோல்ட் டி.சி.யில் ஓடும். மோட்டார் பேனலுக்குள் சூட்டிலும் தூசியிலும் கிடக்கும். தொட்டியின் நீர்மட்டம், ஃப்ளோ மீட்டர் அளவு, மோட்டார் ஓடிய நேரம் ஆகியவற்றைச் சேகரித்து, உள்ளே இருக்கும் 4ஜி மோடம் வழியாக 15 நிமிஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு அனுப்பும்.

ஒரு நிலையத்திலிருந்து ஒன்பது நாளாகத் தகவல் வரவில்லை. ஆபரேட்டர் மோட்டாரை ஓட்டாமல் இருந்துவிட்டு, அது தெரியாமலிருக்கக் கம்ப்யூட்டரை அணைத்து வைக்கிறார் என்று அலுவலகத்தில் முடிவே கட்டிவிட்டார்கள். தகவல் வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தம் என்று போனிலும் சொல்லியாகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த ஆபரேட்டர் ஐயா என்னைப் பார்த்ததும் சொன்னது இதுதான்:

“தம்பி, அந்தப் பொட்டியில நான் கைய வச்சதே இல்ல. லைட்டு எரியுது பாருங்க. என்ன கோளாறுன்னு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்.”

அன்று சீனியர் அண்ணன் வேறு சைட்டில் இருந்தார். போனில் கேட்டேன். “டவர் வீக்குன்னு எழுதிட்டு வாடா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

பதிவு என்றால் என்ன?

பரீட்சை ஹாலின் மணி ரோட்டில் நிற்பவனுக்கும்தான் கேட்கும். ஆனால் உள்ளே போய், ஹால் டிக்கெட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டால்தான் அவன் பரீட்சை எழுத வந்தவன். மோடத்துக்கும் அப்படித்தான். டவர் ஒலிபரப்புவதை மோடம் கேட்கிறது, அது சிக்னல். பிறகு மோடம் டவரைக் கூப்பிட வேண்டும். டவர் பதில் சொல்ல வேண்டும். நெட்வொர்க் “நீ யார்?” என்று கேட்க, சிம்மில் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு மோடம் தன்னை நிரூபிக்க வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் நெட்வொர்க் சேர்த்துக்கொள்ளும். இதுதான் ரிஜிஸ்ட்ரேஷன். சிக்னல் ஒருவழிப் பாதை, பதிவு இருவழிப் பேச்சு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மோடத்திடமே கேளுங்கள்

மோடத்தோடு பேச ஏடி கட்டளைகள் உள்ளன. 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் டெலிபோன் மோடத்துக்காகக் கொண்டுவந்த முறை இது. 4ஜி மோடத்திலும் இன்றுவரை அதே முறைதான்! இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

1. ‘ஏடி’ – உயிர் இருக்கிறதா? ‘ஓகே’ என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் போர்ட் தவறாக இருக்கலாம், அல்லது வேறு மென்பொருள் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். பவரையும் பாருங்கள். 2ஜியில் மோடம் பேசும் நொடியில் சுமார் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சப்ளை வீக்காக இருந்தால், சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும் மோடம் பதிவு செய்ய முயலும்போதெல்லாம் விழுந்து எழும்.

2. ‘ஏடி+சிபிஐஎன்?’ – சிம் தயாரா? ‘ரெடி’ என்றால் சரி. ‘சிம் பின்’ என்றால் ரகசிய எண் கேட்கிறது. தெரியாமல் அடித்துப் பார்க்காதீர்கள்! மூன்று தடவை தவறினால் பியுகே கேட்கும். அதையும் பத்து தடவை தவறினால் சிம் அதோடு சரி, புதிதுதான் வாங்க வேண்டும்.

3. ‘ஏடி+சிஎஸ்க்யூ’ – காது கேட்கிறதா? 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். 99 என்றால் அளக்க முடியவில்லை. எண்ணை இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டிபிஎம் கிடைக்கும். எனக்கு வந்தது 19. அதாவது மைனஸ் 75 டிபிஎம். நல்ல சிக்னல்.

4. ‘ஏடி+சிஇஆர்இஜி?’ – 4ஜியில் பதிவு ஆனதா? 2ஜி, 3ஜிக்கு ‘சிஆர்இஜி’, ‘சிஜிஆர்இஜி’ என்று தனிக் கட்டளைகள். பதிலில் கமாவுக்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம்:

0 – பதிவு இல்லை, தேடவும் இல்லை
1 – சொந்த நெட்வொர்க்கில் பதிவு ஆகிவிட்டது
2 – பதிவு இல்லை, தேடிக்கொண்டிருக்கிறது
3 – நெட்வொர்க் மறுத்துவிட்டது
5 – ரோமிங்கில் பதிவு ஆகிவிட்டது

5. 0 வந்தால் ‘ஏடி+சிஎஃப்யுஎன்?’ கேளுங்கள். பதில் 4 என்றால் யாரோ ஃபிளைட் மோடில் போட்டிருக்கிறார்கள், 1 ஆக்குங்கள். ‘ஏடி+சிஓபிஎஸ்?’ கேட்டு, மோடம் ஏதாவது ஒரே கம்பெனியின் நெட்வொர்க்கில் கைமுறையாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிம்மை மாற்றியவர்கள் இதை மாற்ற மறந்திருப்பார்கள். ‘ஏடி+சிஓபிஎஸ்=0’ கொடுத்தால் மோடம் தானே தேர்ந்துகொள்ளும்.

6. 3 வந்தால் கணக்கைப் பாருங்கள். ரீசார்ஜ், சிம்மின் செல்லுபடி, ஏபிஎன் பெயர். 2ஜி, 3ஜியில் ஏபிஎன் தவறாக இருந்தாலும் பதிவு நடந்துவிடும், டேட்டாதான் வராது. 4ஜியில் பதிவோடு சேர்த்தே டேட்டா இணைப்பும் அமைவதால், தவறான ஏபிஎன் பதிவையே தடுத்துவிடக்கூடும்.

இன்னொன்று. மோடத்தின் தலைமுறையும் அலைவரிசையும் அந்த ஊருக்குப் பொருந்த வேண்டும். ஜியோ 2016இல் வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது. அதன் சிம்மை 2ஜி மோடத்தில் போட்டுவிட்டு வருஷம் முழுக்கக் காத்திருந்தாலும் பதிவு ஆகாது. அமெரிக்காவில் ஏடி&டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியது. 3ஜி மட்டுமே தெரிந்த மோடங்களுக்கு அந்த நெட்வொர்க்கில் அதோடு வேலை போனது. அவை பழுதானவை அல்ல. பேச ஆள் இல்லாமல் போனவை.

நான் செய்த கூத்து

மேலே எழுதியிருக்கும் வரிசையில்தான் நான் வேலை பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். ஜோராக வேலை செய்தது. என் சிம்மை மோடத்தில் போட்டேன். பதிவு ஆகவில்லை. பேனலுக்கு மேலே இருந்த ஆன்டெனாவை ஏணி போட்டு இன்னும் உயரத்தில் கட்டினேன். 19 ஆக இருந்தது 22 ஆயிற்று. பதிவு மட்டும் ஆகவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. ஐயா தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு “டவர் வீக்” என்று எழுத மனம் வரவில்லை. 22 காட்டும் இடத்தில் டவர் எப்படி வீக் ஆகும்?

அதன் பிறகுதான் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். மோடம் உயிரோடு இருக்கிறது. சிம் ரெடி. அதே இடத்தில் போனில் அந்த சிம் வேலை செய்வதால் டவரும் கணக்கும் சரி. பூட்டு எதுவும் இல்லை. இதே மோடம் இதே இடத்தில் முன்பு நன்றாக ஓடியதுதான், ஆகவே அலைவரிசையும் சரி. ஆனால் பதிவு நிலை எப்போது கேட்டாலும் 2. ஒரு தடவைகூட 3 வரவில்லை.

அங்கேதான் பொறி தட்டியது. 3 என்றால் நெட்வொர்க் “முடியாது” என்று சொல்கிறது. முடியாது என்று சொல்லவும் நாம் பேசுவது அதற்குக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? இங்கே மறுப்புகூட வரவில்லை. அப்படியானால் நம் குரல் டவருக்குப் போகவே இல்லை. காது கேட்கிறது, வாய் பேசவில்லை!

பவரை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். மோடம் கார்டின் மேல் கடுகளவு தங்க நிற கனெக்டர்கள் மூன்று. பக்கத்தில் பொடி எழுத்தில் மெயின், ஆக்ஸ், ஜிஎன்எஸ்எஸ். எங்கள் ஒரே ஆன்டெனாவின் கேபிள் ஆக்ஸில் மாட்டியிருந்தது! ஆக்ஸ் என்பது கேட்பதற்கான துணை வாசல். பேசுவதும் கேட்பதும் மெயினில். 4ஜி மோடம் அனுப்பும் சக்தி அதிகபட்சம் சுமார் 200 மில்லிவாட்தான். அதுவும் ஆன்டெனா இல்லாத வாசலில் வீணாகிக்கொண்டிருந்தது. ஆக்ஸில் கேட்ட நல்ல சிக்னலை மோடம் நேர்மையாக 19 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கேபிளை மெயினில் மாட்டினேன். ஒரு நிமிஷத்துக்குள் 1 வந்தது. ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத்தான் கை நடுங்கியது.

யார் செய்த தவறு?

தகவல் நின்ற தேதியை வைத்து நிலையத்தின் லாக் புக்கைத் திறந்தேன். அதே தேதியில் “கடிகார பேட்டரி மாற்றப்பட்டது” என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது! சீனியர் அண்ணனோடு வந்த அன்று, பேட்டரி மாற்றும்போது இந்தக் கேபிள் என் கையோடு வந்துவிட்டது. அருகிலிருந்த கனெக்டரில் வைத்து அழுத்தினேன். ‘டிக்’ என்றது. மூடியை மூடினேன். தகவல் போகிறதா என்று பார்க்காமலே பைக்கில் ஏறிவிட்டோம்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் “ஆன்டெனா கேபிள் லூஸ், சரி செய்யப்பட்டது” என்று எழுதலாம். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் லூஸாக்கியது யார் என்ற கேள்வி வந்தால், தினமும் அங்கே இருப்பவர் தலையில்தான் விழும். காலையில் அவர் கேட்டது ஞாபகம் வந்தது. எழுதினேன்: “சென்ற முறை நான் பேட்டரி மாற்றியபோது கேபிளைத் தவறான கனெக்டரில் மாட்டிவிட்டேன். ஆபரேட்டர் மீது தவறு இல்லை.” கீழே தேதி, கையெழுத்து.

சீனியர் அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த மாதம் ஐயா போன் செய்தார். “தம்பி, சம்பளம் முழுசா வந்துருச்சு” என்றார். டிப்ளமோ வாங்குவதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த முதல் சர்டிபிகேட் அதுதான்.

நினைவில் வைக்க

• எதையும் கழற்றுவதற்கு முன், எப்போது நின்றது, அன்று யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். லாக் புக்கைப் பாருங்கள்.
• உயிர், சிம், சிக்னல், பதிவு என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
• 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீர்கள். 3 என்றால் சிம், கணக்கு, ஏபிஎன். நல்ல சிக்னலோடு 2 என்றால் பூட்டு, அலைவரிசை, பிறகு மெயின் ஆன்டெனா.
• அந்தக் கடுகு கனெக்டர்களை அடிக்கடி கழற்றாதீர்கள். பல வகைகளுக்குச் சுமார் 30 தடவைதான் கணக்கு.
• வேலை முடிந்தபின், தகவல் போய்ச் சேர்ந்ததை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே மூடியை மூடுங்கள்.

நாம் எழுதும் ஒரு வரி ரிப்போர்ட்டை நம்பித்தான் எங்கோ ஒருவருடைய சம்பளம் இருக்கிறது. தெரியாமல் “டவர் வீக்” என்று எழுதிவிடாதீர்கள், நண்பர்களே.