தூளா? குருணையா? குச்சியா?

கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் பலர் கறிக்கோழி வளர்க்கிறார்கள். இதற்காகக் 'கேரள சிக்கன்' திட்டம் 2017-இல் தொடங்கியது. இத்திட்டத்தில் குஞ்சும் தீவனமும் கிடைக்கும். வளர்ப்புக் கூலியும் கிடைக்கும்.

கறிக்கோழி சுமார் 40 நாளில் 2 கிலோ எடைக்கு வரும். செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. 100 ரூபாய் செலவானால் அதில் 60 முதல் 70 ரூபாய் தீவனச் செலவு. ஆகவே தீவனம் வீணானால் பணம் வீணாகும்.

தீவனம் மூன்று வடிவில் வருகிறது.

தூள் தீவனம்: விலை குறைவு. ஆனால் கோழி பெரிய துணுக்கைப் பொறுக்கித் தின்னும். தூளை விட்டுவிடும். தூள் கீழே சிந்தும்.

குச்சித் தீவனம்: தூளை நீராவியில் சூடாக்கி, அழுத்திச் செய்வது. ஒவ்வொரு குச்சியிலும் எல்லாச் சத்தும் இருக்கும். கோழியால் பொறுக்க முடியாது. தின்னும் நேரமும் குறையும். எடை விரைவாகக் கூடும்.

குருணைத் தீவனம்: குச்சியை உடைத்தது. குஞ்சின் சிறிய அலகுக்கு ஏற்றது. முதலில் குருணை, வளர்ந்த பிறகு குச்சி என்பதே வழக்கம்.

மூட்டையின் அடியில் தூள் மிகுந்தால் குச்சி உடைந்துவிட்டது என்று பொருள். திருவனந்தபுரத்தில் ஆண்டில் இரண்டு பருவமழை பெய்கிறது. ஈரம் பட்டால் தீவனம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

நல்ல கிருமியும் உண்டு

பாலைத் தயிராக்குவது ஒரு நல்ல நுண்ணுயிர். இத்தகைய நுண்ணுயிர்களைக் கோழிக்கும் கொடுக்கிறார்கள். இதன் பெயர் புரோபயாட்டிக். பேருந்தில் இருக்கை நிறைந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இடம் இல்லை அல்லவா? அதுபோல நல்ல கிருமி குடலில் இடம் பிடித்தால், கெட்ட கிருமிக்கு இடம் குறையும்.

ஆனால் இது மாயமருந்து அல்ல. சில பண்ணைகளில் எடை கூடுகிறது. சிலவற்றில் வேறுபாடு தெரிவதில்லை. கொட்டகை அழுக்காக இருந்தால் இதனால் பயன் இல்லை. குளோரின் கலந்த தண்ணீரில் நல்ல கிருமி செத்துப்போகலாம். ஆன்டிபயாட்டிக் மருந்தும் அதைக் கொல்லும்.

முன்பு, நோய் இல்லாதபோதும் எடை கூடுவதற்காக ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை மனிதரையும் தாக்கும். அப்போது நம் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தும் பலிக்காமல் போகலாம். கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது.

கோழிக்கு நோய் வந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கணக்குப் போடுவோம்

ஒரு கோழி 2 கிலோ எடைக்கு வர 3 கிலோ 400 கிராம் தீவனம் தின்றது. மற்றொரு கொட்டகையில் 3 கிலோ 600 கிராம் செலவானது. ஒரு கோழிக்கு 200 கிராம் கூடுதல். 1000 கோழிக்கு 200 கிலோ. 50 கிலோ மூட்டை என்றால் 4 மூட்டை! உங்கள் ஊரில் ஒரு மூட்டை என்ன விலை? 4-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை 10 கோழியை நிறுத்து, எடையை நோட்டில் எழுதுங்கள். செலவான தீவனத்தையும் எழுதுங்கள். எது பயன் தந்தது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

பயிற்சி

1. குஞ்சுக்கு ஏற்ற தீவனம் எது?
2. மூட்டையை ஏன் பலகை மேல் வைக்க வேண்டும்?
3. நோய் இல்லாத கோழிக்கு ஆன்டிபயாட்டிக் ஏன் கொடுக்கக் கூடாது? கூடிப் பேசுங்கள்.